கஸ்தூரிக்கு நான் எழுதாத நான்கு வரி

தம்பிக்கு,

நேற்று நீ போன் செய்தபோது, "அம்மா, ஒம் பொறந்த நாளுக்குத் தனியா ஒண்ணும் வாங்கல. டிவியில இருக்கிற எல்லாத்துக்கும் இன்னும் ஒரு வருஷத்துக்குச் சந்தா கட்டிட்டேன். நிம்மதியா பாரு" என்று சொன்னாய். நானும் "ரொம்ப சந்தோஷம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அது பொய். உன் டிவியில் நீ போட்டுக் கொடுத்த எதையும் நான் பார்த்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அதில் ஓடுவது பழையபடி சேகரின் கேபிள்தான். பொய் சொன்னதற்காக ஒன்பது வயதில் உன்னை மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்க வைத்தவள் நான். எழுபத்தைந்து வயதில் வாரந்தோறும் உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்கு உன் அப்பாவின் குணம். எதிரில் இருப்பவர் தலைகுனிந்தால் உனக்குப் பொறுக்காது. நான் பாதி சொல்வதற்குள் "பரவாயில்ல விடும்மா" என்பாய். அதை நீ சொல்வதற்கு முன் நான் முழுவதையும் சொல்லி முடிக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்தவன், டோல்கேட் கடையிலிருந்து அவ்வளவு பெரிய டிவியை ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்து, நீயே ஏணி போட்டு ஏறிச் சுவரில் மாட்டினாய். "கேபிள எடுத்துடலாம்மா. அவன் போடறத நீ பாக்கறது போய், நீ கேக்கறத இது போடும்" என்றாய். ரிமோட்டின் ஒவ்வொரு பொத்தானையும் காட்டிச் சொல்லிக் கொடுத்தாய். கப்பல் கம்பெனியில் முப்பது வருடம் ஸ்டெனோவாக இருந்தவள் அல்லவா, நீ சொன்னதையெல்லாம் சுருக்கெழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். நீ சிரித்தாய். விமானம் ஏறும் நாளில் கூட, "நோட்டு பத்திரமா இருக்கா?" என்று கேலி செய்தாய். நோட்டு பத்திரமாகத்தான் இருந்தது.

சேகரை உனக்குத் தெரியும். நம் தெருமுனையில் மாவு மில்லுக்கு மேலே கேபிள் ஆபீஸ் வைத்திருக்கிறவன். நீ நான்காவது படிக்கும்போது முதன்முதலாக நம் மொட்டைமாடி வழியாகக் கறுப்பு ஒயரை இழுத்துக்கொண்டு வந்தவன். சுனாமியில் கடலோரக் குடிசைகள் போன பிறகு அவன் குடும்பத்துக்கு எர்ணாவூர்க் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். ஆனால் தொழில் இங்கேதான். அவன் மனைவி கஸ்தூரியை நீ அதிகம் பார்த்திருக்க மாட்டாய். அவள் காலையில் பஸ் பிடித்து வந்து ஆபீஸ் மாடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இருட்டும் நேரத்துக்குத்தான் இறங்குவாள். இருபது வருடமாக அவள் எனக்கு ஒரு குரல். படம் வராத நாளில் நான் போன் செய்வேன். என் பெயரைக் கூடச் சொல்ல வேண்டாம். மூச்சு விடுவதைக் கேட்டே கண்டுபிடித்துவிடுவாள்.

"இன்னா மாடியம்மா, படம் வர்லியா? பொட்டிய ஒரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"பண்ணிட்டேன்."

"நீ பண்ணிருக்க மாட்ட. இப்ப போனக் கீழ வெச்சிட்டுப் போயிப் பண்ணு. நா லைன்லயே கீறேன்."

அவள் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும். நான் பண்ணியிருக்க மாட்டேன். ஆனால் என்னைப் பார்த்து "நீ" என்கிறாளே என்று இருபது வருடமும் மனதில் ஒரு முள் இருந்தது. இந்தப் பக்கத்தில் எல்லாரும் எல்லாரையும் நீ என்றுதான் சொல்வார்கள், அதில் அவமதிப்பு இல்லை என்று உன் அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். தூத்துக்குடியில் மண்டி வைத்திருந்தவரின் மகள், கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், ராயபுரத்தில் ஐம்பது வருடம் குடியிருந்தும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரியும், ஆனால் நீ விளையாட்டாக எடுத்துக்கொண்டிருப்பாய். சேகரின் கேபிளில் நம் வட்டாரத்துக்கென்று ஒரு சேனல் உண்டு. கோயில் திருவிழாத் தேர், பள்ளிக்கூட ஆண்டு விழா, தண்ணீர் லாரி வராத செய்தி எல்லாம் அதில் வரும். யாராவது இறந்தால் அவர் படத்தைப் போட்டு, கீழே நான்கு வரி ஓடும். அன்று முழுக்க அந்தச் சேனலில் பாட்டுப் போட மாட்டான். அந்த நான்கு வரியை எழுதியது நான். ஒரு தடவை அவன் போட்டிருந்த அறிவிப்பின் அலங்கோலம் பொறுக்காமல் நானே ஒரு தாளில் திருத்தி எழுதி அனுப்பினேன். அதிலிருந்து பழக்கமாகிவிட்டது. சாவு விழுந்ததும் சேகர் ஒரு தாளில் பெயர், வயது, எந்தச் சந்து, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு படியேறி வருவான். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இறைவனடி சேர்ந்தார்", "அன்னாரது நல்லடக்கம்" என்று எழுதிக் கொடுப்பேன். வலை பின்னுகிறவர், மீன் ஏலம் விடுகிறவர், ஐஸ் உடைக்கிறவர், எல்லாருக்கும் ஒரே மரியாதை. அதில் எனக்குப் பெருமை. இந்தத் தெருவில் என் தமிழ் இல்லாமல் யாரும் கல்லறைக்குப் போனதில்லை என்று உன் அப்பாவிடம் ஒரு நாள் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

நீ பத்தாவது படித்த வருடம் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உன் பரீட்சைக்காகக் கேபிளைத் துண்டித்திருந்தேன். ஒரு மாலையில் நீ டியூஷனிலிருந்து வரவில்லை. தேடிக்கொண்டு போனால் சேகர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறாய். மேலே டிவியில் கிரிக்கெட் ஓடுகிறது. நான் படியேறிய வேகத்தில் ஒருவரையும் பேச விடவில்லை. உன் காதைப் பிடித்து இழுத்தேன். சேகரைப் பார்த்து, "உன் பொழப்புக்கு என் பிள்ளைதான் கெடைச்சானா?" என்று கேட்டேன். அவன் "இல்ல மா, அது வந்து" என்று ஆரம்பித்தான். "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், தெருவில் கரண்ட் இல்லாததால் அவனுடைய ஜெனரேட்டர் வெளிச்சத்தில் நீ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய் என்று அப்பா சொன்னார். உன் மடியில் இருந்த நோட்டை நான் பார்க்கவே இல்லை. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நான் போகவில்லை. பரீட்சை முடிந்ததும் திரும்பக் கேபிள் போடச் சொன்னேன். அதையே மன்னிப்பாக எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

உன் அப்பா போன அன்று நீ வந்து சேர மறுநாளாகிவிட்டது. அதனால் நடந்தது உனக்குத் தெரியாது. அவருக்கான நான்கு வரியையும் நானே எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லை. எழுதி முடித்த பிறகு எனக்கு ஒன்றும் நினைவில்லை. நினைவு வந்தபோது சமையலறையில் யாரோ ஒரு கட்டையான பெண் என் பாத்திரங்களைத் தொடாமல், தன் வீட்டு அடுப்பையும் குண்டானையும் கொண்டு வந்து வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக்கொண்டிருந்தாள். என் பாத்திரங்களை யாராவது தொட்டால் எனக்குப் பிடிக்காது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு டம்ளரைக் கொண்டு வந்து என் கையில் வைத்து, "குடி மாடியம்மா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்க" என்றாள். குரலை வைத்துத்தான் அது கஸ்தூரி என்று தெரிந்தது.

இப்போது நீ புதிய டிவி மாட்டிவிட்டுப் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகச் சேகர் வந்தான். சுவரில் இருந்த டிவியைப் பார்த்து, "சூப்பரா கீது மா. புள்ள நல்லா பண்ணிருக்கான்" என்றான். அவன் மனம் நோகாமல் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "ஆமா, இனிமே கண்டதையும் பாக்க வேண்டாம்." அவன் பெட்டியைக் கையில் பிடித்தபடி, "நோட்டீஸு மட்டும் எழுதித் தருவ இல்ல?" என்று கேட்டான். "லைனே இல்லாத வீட்டுல எனக்கு அதுல என்ன வேலை? நீயே பாத்துக்க" என்றேன். என்னை வருந்தி அழைக்க வேண்டும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

அந்த மூன்று மாதம் நான் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லவில்லை. டிவியைப் போட்டதும், பார்ப்பது யார் என்று கேட்கும். உன் முகம், மருமகள் முகம், பிள்ளையின் முகம், நான்காவதாக இளித்துக்கொண்டிருக்கும் ஒரு மஞ்சள் பொம்மை. அதற்குக் கீழே அம்மா என்று நீ எழுதியிருந்தாய். ஒரு படத்தைத் தேட வேண்டுமானால் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்க வேண்டும். தேடிக் கண்டுபிடித்தால் அது இந்தக் கடையில் இல்லை, இன்னொரு கடையில் இருக்கிறது என்று சொல்லும். அங்கே போனால் அதற்கு வேறு சந்தா. பாதி பார்த்துவிட்டு மறுநாள் வந்தால் அந்தப் படத்தையே தூக்கியிருப்பார்கள். காசு கட்டிய பிறகும் விளம்பரம். சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் எப்போது நிற்கும் என்று கேட்க ஆள் இல்லை. உதவி எண்ணுக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது ஒரு இயந்திரம். எல்லாவற்றுக்கும் மேலாக, திடீர் திடீரென்று நீங்கள்தானா என்று சந்தேகப்பட்டு ஒரு எண்ணைக் கேட்கும். அந்த எண் உன் போனுக்கு வரும். உனக்கு அப்போது அங்கே நடுநிசி. தூங்குகிற பிள்ளையை ஒரு சினிமாவுக்காக எழுப்புவாளா ஒரு தாய்? நீ எழுந்திருக்கும் வரை காத்திருப்பேன். கேபிளில் மட்டும் குறையே இல்லையா? மழை பெய்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். ஆனால் கெட்டால் எல்லார் வீட்டிலும் கெடும். எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து, "உங்க வூட்ல வருதா?" என்று கேட்பார்கள். வரவில்லை என்று சொல்வதில் அவமானம் இல்லை. இதில் என் வீட்டில் மட்டும் வரவில்லை என்றால், தப்பு என்னுடையது என்று ஆகிவிடுகிறது. எனக்கு அது தாங்க முடியவில்லை. யாரிடமும் கேட்கவும் மனம் வரவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் கஸ்தூரி போன் செய்தாள். "மாடியம்மா, கனெக்‌ஷன் கேக்க பண்ல. உன் கொரல் கேட்டு நாளாச்சி. நல்லா கீறியா?" என்றாள். அப்போது எனக்கு எதிரே அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. "டிவி ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அவள் "செரி மா" என்று வைத்துவிட்டாள். அவள் கேட்டது டிவியைப் பற்றி அல்ல என்று எனக்கு அப்போதே தெரியும், தம்பி. அவள் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

தவக்காலத்தில் நான் சினிமா பார்ப்பதில்லை. இந்த வருடம் அந்த வைராக்கியத்தையும் விட்டேன். பார்த்தே தீருவேன் என்று அந்தப் பெட்டியோடு எனக்கு ஒரு மல்லுக்கட்டு. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், முந்தின நாள் பாதி பார்த்திருந்த ஒரு பழைய சிரிப்புப் படத்தைப் போட்டேன். நீங்கள்தானா என்று கேட்டுவிட்டு நின்றது. ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணி வரை நோட்டைப் பார்த்துப் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தேன். அப்போது அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன், கம்பிக் கேட்டைத் திறக்கவில்லை. வெளியே சேகர் நின்றிருந்தான். சவரம் செய்யாத முகம், தோளில் துண்டு, கையில் ஒரு தாள். அவன் கண்ணை நான் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தேன். ஏதோ புதுத் திட்டம், சலுகை என்று அச்சடித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"சேகர், எத்தன தடவ சொல்றது? எனக்கு ஒன் கேபிள் வேண்டாம். எம் பிள்ள எல்லாம் போட்டுக் குடுத்துருக்கான். நீ படியேறி வந்து நின்னா நான் மனசு மாறிடுவேனா?"

"இல்ல மா, ஒரு சேதி..."

"ஒரு சேதியும் வேண்டாம். வீட்டுல தனியா இருக்கிற பொம்பளைய வந்து வந்து தொந்தரவு பண்ணாத. போ."

அவன் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான். டிவியில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. "செரி மா" என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துக்கொண்டு இறங்கிப் போனான். நான் கதவைச் சாத்தினேன். அன்று அந்தப் படத்தைப் பார்த்தேனா என்று நினைவில்லை. அதன் பெயர் கூட இப்போது ஞாபகம் வரவில்லை. ஒருவனை ஒழுங்காகப் பேசி அனுப்பிவிட்டோம் என்று ஒரு திருப்தி இருந்தது. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மீன் கொண்டு வரும் தேசம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். வழக்கம்போல மீனின் கண்ணைப் பற்றி நான் குறை சொல்லத் தொடங்கினேன். அவள் காதில் வாங்கவில்லை.

"இன்னா மாடியம்மா, சாவுக்கு நீ வரவே இல்ல? காசிமேடே பஸ் ஏறி எர்ணாவூருக்கு வந்துச்சி. உன்னத்தான் எல்லாரும் கேட்டாங்க."

"எந்தச் சாவு?"

"இன்னா இப்டி கேக்கற? கேபிளாபீஸ் கஸ்தூரிதான். செவ்வாக்கெழம வெடிகாலைல நெஞ்ச புட்ச்சிகினு உக்காந்தவதான். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிச்சி. நோட்டீஸு ஓடுச்சே. நீதான எழுதுவ, உனுக்குத் தெரியாமயா?"

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. கையில் மடித்த தாள். ஒரு சேதி மா. தெருவில் யாரும் என்னிடம் வந்து சொல்லாததன் காரணம், எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும் என்று எல்லாரும் நினைத்ததுதான். "இது நான் எழுதினதில்ல" என்றேன். "அதான் பாத்தேன்" என்றாள் தேசம்மா. அவள் மகள் அந்த அறிவிப்பைப் படம் பிடித்து தேசம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தாள். அதைக் காட்டினாள். கஸ்தூரியின் படம், கீழே நான்கு வரி. அன்றிலிருந்து மனதுக்குள் இரண்டாயிரம் தடவை அதைப் படித்துவிட்டேன். மனப்பாடமாக எழுதுகிறேன்.

"நம்ம கேபிள் ஆபீஸ் கஸ்தூரி இன்னிக்கு காலைல போய்ட்டா. இத்தினி வருசம் போன்ல உங்க கூட பேசினவ. மொகம் பாக்காதவங்க வந்து ஒரு தபா பாத்துட்டுப் போங்க. எர்ணாவூர் வூட்ல கீறா, நாலு மணிக்கு எடுக்கறோம், எல்லாரும் வாங்க."

நீ உடனே எர்ணாவூருக்குப் போயிருப்பாய். உன் அப்பா செருப்புப் போடாமல் ஓடியிருப்பார். நான் சனிக்கிழமை போகவில்லை. என்ன சொல்லிப் போவது என்று வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன், நற்கருணை வாங்க எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் வழிவிட்டு நின்றார். முழங்கால் வலி என்று சொன்னேன். அன்று சாயங்காலம் நீ போன் செய்து, "எல்லாம் வேல செய்யுதாம்மா?" என்று கேட்டாய். "பிரமாதமா ஓடுது" என்றேன். திங்கட்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத என்கிட்ட சொல்றது சுலபம், இல்லையாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை ஷேர் ஆட்டோவில் எர்ணாவூர் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று, பதினாறாம் நாள் காரியத்துக்கான அறிவிப்பை இரவெல்லாம் யோசித்து எழுதி, உறையில் போட்டு எடுத்துக்கொண்டேன். என்னால் முடிந்ததில் அதுதான் மிகச் சிறந்தது. சேகரின் வீடு மூன்றாவது மாடி. நான் படியேறுவதைப் பார்த்துவிட்டு அவனே பாதிப் படி இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் கிடந்த துணியை எடுத்துவிட்டு, "ஒக்காரு மா" என்றான். சுவரில் கஸ்தூரி மாலையோடு இருந்தாள். முகத்தை நன்றாகப் பார்த்தேன். இருபது வருடத்தில் முதல் தடவையாக.

"சேகர், அன்னிக்கு நீ எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சா நீ அப்டி சொல்லிருக்க மாட்ட, தெரியும்."

"ஒரு வார்த்த கத்திச் சொல்லியிருக்கலாமே, சேகர்."

அவன் தரையில் உட்கார்ந்தான். "சொல்லத்தான் வந்தேன். நீ 'ஐயோ'ன்னு ஒரு வார்த்த சொல்லுவ, உள்ள கூப்டு தண்ணி குடுப்ப, அப்பால எழுதித் தருவன்னு நென்ச்சிகினு வந்தேன். நீ 'போ'ன்னுட்ட. பொண்டாட்டி செத்த அன்னிக்கு சண்ட போடத் தெம்பு இல்ல மா." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவது போலவே சொன்னான்: "வேற எங்கயும் போவல. உன் வூட்டுப் படிக்கட்டுலயே ஒக்காந்து நானே எழுதிட்டேன்."

நான் சாத்திய கதவுக்குக் கீழே, தம்பி. நம் படிக்கட்டில். நான் உள்ளே ரிமோட்டோடு போராடிக்கொண்டிருந்தபோது.

உறையை எடுத்துக் கொடுத்தேன். மன்னிப்பு என்ற சொல்லுக்குப் பதிலாக அதைக் கொடுத்தேன் என்று இப்போது புரிகிறது. அவன் உதடு அசையப் படித்தான், மறுபடியும் படித்தான். "நல்லா கீது மா. உன் எழுத்துக்கு இன்னா கொற?" என்றான். பிறகு தயங்கி, "ஆனா யாரோ செத்துட்ட மாதிரி கீது" என்றான். தாளைப் பத்திரமாக உறையில் போட்டு என் கையிலேயே திருப்பித் தந்தான். எத்தனையோ வீடுகளுக்கு நான் எழுதியவை எல்லாம் வரிசையாக மனதில் ஓடின. எல்லாரும் யாரோ செத்த மாதிரியேதான் செத்திருக்கிறார்கள். அப்போதுதான் என் வாயிலிருந்து, வாக்கியம் தேடாமல், "என்ன மன்னிச்சிரு, சேகர்" என்று வந்தது. "பத்தாவது படிச்ச எம் பிள்ளைய ஒன் ஆபீஸ்லருந்து இழுத்துக்கிட்டுப் போன நாளுக்கும் சேத்து" என்றேன். அவன் எழுந்தான். "டீ குடிக்கறியா?" என்று கேட்டான். அவனே போட்டுக் கொடுத்தான். சர்க்கரை போட மறந்திருந்தான். குடித்தேன்.

கிளம்பும்போது, "அந்த டிவி இப்ப ஓடுதா?" என்று கேட்டான். முதல் தடவையாக ஒருவரிடம் உண்மையைச் சொன்னேன். "ஓடல. ஒரு நாளும் ஒழுங்கா ஓடல." அவன் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "அன்னிக்கே பாத்தேன், சக்கரம் சுத்திகினு இருந்துச்சி. கஸ்தூரி இருந்தா சொல்லிருப்பா..." என்று ஆரம்பித்தவன், அதை முடிக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

காரியம் முடிந்து ஒரு வாரத்தில் ஆள் வந்து கேபிள் போட்டுவிட்டுப் போனான். சேகர் ஆளை அனுப்பினானே தவிர அவன் வரவில்லை. தெருவில் பார்த்தால் நின்று பேசுகிறான், மருந்துக் கடைக்குப் போனால் பையை வாங்கிக்கொண்டு வாசல் வரை வருகிறான். ஆனால் நம் படிக்கட்டில் அவன் மறுபடி ஏறவில்லை. இப்போது அறிவிப்புகளை அவனே எழுதுகிறான். "ஐஸ் பேக்டரி நைனா, சிரிச்சிகினே திட்டுமே, அது போய்ட்டுது" என்று ஒரு நாள் போட்டான். அந்த மனிதரை எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தச் சாவுக்குப் போனேன். படம் வராவிட்டால் ஆபீஸுக்குப் போன் செய்கிறேன், ஒரு புதுப் பெண் எடுக்கிறாள், "சொல்லுங்க மேடம்" என்கிறாள். நான் ஆசைப்பட்ட மரியாதை கிடைத்துவிட்டது.

சந்தாவை நீ ரத்து செய்துவிடு. முடியாவிட்டால் உன் வீட்டில் பாருங்கள். அந்த மஞ்சள் பொம்மையை மட்டும் எடுத்துவிடு. உனக்கு நான் புத்தி சொல்லும் தகுதி இழந்தவள். ஆனாலும் தாய் என்பதால் ஒன்று சொல்கிறேன். உனக்கு என் மூக்கும் என் அவசரமும் இருக்கிறது. வாசலில் வந்து நிற்கிறவன் எதற்காக வந்தான் என்று உனக்கு முன்பே தெரியும் போலத் தோன்றுகிற நேரம் பார், அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள். அவன் சொல்லி முடிக்கட்டும். என் வீட்டில் இப்போது மணி அடித்தால் யார் என்று கேட்காமலேயே கம்பிக் கேட்டைத் திறந்துவிடுகிறேன். பெரும்பாலும் கூரியர்க்காரர்தான்.

கடைசியாக ஒரு விஷயம். பீரோவில், உன் அப்பாவின் துறைமுக அடையாள அட்டைக்குக் கீழே ஓர் உறை இருந்தது. அதில் எனக்கான நான்கு வரியை நானே பத்து வருடத்துக்கு முன்பு எழுதி வைத்திருந்தேன். எங்கே படித்தேன், எங்கே வேலை பார்த்தேன், யாருடைய மகள், எல்லாம் அதில் இருந்தது. நேற்று உன்னோடு பேசி முடித்ததும் அதைக் கிழித்துப் போட்டேன். என் நேரம் வரும்போது நீ வந்து சேர ஒரு நாளாகும். அதனால் முதலில் சேகருக்குப் போன் செய். எண்ணை டிவிக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். அவன் எழுதட்டும். அவன் எழுதுவதில் நீ ஒரு சொல்லையும் மாற்றாதே. யாரையும் பேச விடாத மாடியம்மா போய்ட்டா என்று அவன் எழுதினால் அப்படியே ஓடட்டும், அது உண்மை. முடிவில் "எல்லாரும் வாங்க" என்று போடுவானா என்று மட்டும் ஒரு தடவை கேட்டுப் பார். தயங்கினால் வற்புறுத்தாதே.

உன் அம்மா